மரண அறிவித்தலில் இல்லாத சின்னம்மா

எங்கள் ஆட்களில் ஒருவர் புதிதாக அறிமுகமானால், சுகம் விசாரித்த கையோடு அடுத்து வரும் கேள்வி, "ஊரில எவடம்?" என்பதுதான். ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது. கோயிலுக்கு வடக்குப் பக்கமா தெற்குப் பக்கமா, எந்தச் சந்து, எந்த ஒழுங்கை, யாருடைய வளவுக்குப் பக்கத்தில் என்று கிண்டிக்கொண்டே போவார்கள். நில அளவைக்காரர் கூட அவ்வளவு விபரம் கேட்கமாட்டார். நீ என்ன சாதி என்று வாய்திறந்து கேட்க வெட்கம், அதனால் ஒழுங்கையைக் கேட்கிறார்கள். ரொறன்ரோவுக்கு வந்து பனி வழிக்கப் பழகினோம், பிள்ளைகளை ஹொக்கிக்குக் கூட்டிக்கொண்டு போகப் பழகினோம், இந்தக் கண்டறியாத கேள்வியை மட்டும் விடவில்லை.

ஆகவே என் மகளின் மாமியார், ரூஜில் இருக்கிற எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தேத்தண்ணியும் கையுமாக இருந்துகொண்டு, "உங்கள் ஊரில் எந்தத் தெரு? உங்கள் தாத்தா என்ன தொழில் செய்தார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்த வெள்ளைக்காரிக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று மகளை முறைத்துப் பார்த்தேன். மகள் சிரித்தாள். "அம்மா, ரிலாக்ஸ். அவ ஃபமிலி ட்ரீ செய்யிறா. பேபிக்கு."

விசயம் இதுதான். பேத்திக்கு முதலாவது பிறந்தநாள் வருகிறது. அதற்குச் சம்பந்தி தன் கையால் ஒரு குடும்ப மரம் தைக்கப் போகிறார். வெள்ளைத் துணியில் நிற நூலால் கிளை கிளையாகப் பெயர்கள், பிறகு சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது. இடது பக்கம் அவர்களின் ஆட்கள், வலது பக்கம் நாங்கள்.

அவர்களின் பக்கம் ஏற்கனவே தயார். சம்பந்தியின் பரம்பரை வேல்ஸ் நாட்டில் ஒரு நிலக்கரி ஊர். இரண்டு மலைக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு, சரிவில் ஒட்டிக்கொண்டு வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள், அடியில் சுரங்கம். சம்பந்தி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் மிசிசாகாவிலிருந்து அங்கே போய், கல்லறைகளில் பாசி சுரண்டிப் பெயர் வாசித்து, தேவாலயக் குருமாரைக் கரைச்சல்படுத்தி, எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டார். மீசை முளைக்க முதலே சுரங்கத்துக்குள் இறங்கிய ஒருவர். ஆடு களவெடுத்துச் சிறைக்குப் போன ஒருவர். தகப்பன் யாரென்று தெரியாமல் பிறந்த ஒரு பெண். அந்த ஆட்டுக் கள்ளனைப் பற்றிச் சொல்லும்போது சம்பந்தியின் முகத்தைப் பார்க்கவேண்டும், அவர் ஏதோ பதக்கம் வாங்கியவர் போல.

இன்னொன்றும் சொன்னார். அந்த ஊரில் குடும்பப் பெயர்கள் நாலைந்துதானாம். ஆளை ஆள் அடையாளம் காண, பெயரோடு தொழிலைச் சேர்த்துக் கூப்பிடுவார்களாம். பேக்கரிப் பாண்காரன் இன்னார், பால்காரன் இன்னார், சவப்பெட்டிக்காரன் இன்னார். பிள்ளைகளும் அந்தப் பட்டத்தைப் பெருமையோடு சுமந்துகொண்டு திரிவார்களாம். எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. எங்கள் ஊரில் பெயரோடு தொழிலைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கே வெட்டுக்குத்து நடக்கும். தொழில் என்றால் எங்களுக்குச் சாதி, சாதி என்றால் யாரை வீட்டுக்குள் விடலாம், யாரைக் கிணற்றில் அள்ளவிடலாம் என்ற கணக்கு.

"உங்கள் பக்கம் தேட எங்கே போகலாம்?" என்று சம்பந்தி கேட்டார். போக எங்கே இருக்கிறது? நாங்கள் எரித்துச் சாம்பலைக் கடலில் கரைக்கிற ஆட்கள், கல்லறை கிடையாது. அரசாங்கக் கந்தோர்ப் பதிவுகள் சண்டையில் எரிந்தது பாதி, இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு ஓடியது மீதி. ஆனால் எங்களிடம் ஒன்று இருக்கிறது, மரண அறிவித்தல். உலகத்தில் வேறு எந்தச் சனமும் செத்தவருக்கு அப்படி ஒரு அறிவித்தல் போடுவதாக நான் அறியவில்லை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் இன்னாரின் அருமைச் சகோதரியும், இன்னாரின் மைத்துனியும், பெரியம்மாவும், மாமியும், பூட்டியும் என்று போய்க்கொண்டே இருக்கும். வாசித்து முடிக்க மூச்சு முட்டும். ஆனால் ஒரு வம்சமே அதற்குள் கிடக்கும்.

அப்படியே சேர்க்கத் தொடங்கினேன். அம்மாவின் தகப்பனை நாங்கள் அப்பு என்று கூப்பிடுவோம். அப்புவின் அறிவித்தல் பழைய பத்திரிகைத் துண்டாகக் கிடைத்தது. பெரிய மாமாவினது இணையத்தில் இருந்தது. அம்மாவினது என்னிடமே இருந்தது. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்தேன். ஒன்றில்கூட சின்னம்மாவின் பெயர் இல்லை. தெரியாத விசயமில்லை, ஆனாலும் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தபோது நம்பாமல் திரும்ப ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். ஒரு முழுக் குடும்பமும், ஒருவர் செத்த துக்கத்துக்குள்ளேயும், உயிரோடு இருக்கிற ஒருத்தியை மறக்காமல் கவனமாக வெட்டியிருக்கிறது!

சின்னம்மா என் அம்மாவின் ஒரே தங்கச்சி. அவர் படித்த பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்த இளம் வாத்தியார் ஒருவரை, பிறகு, இருபது தாண்டிய வயதில் கலியாணம் செய்தார். வாத்தியார் நல்லவர், குடி இல்லை, வெறி இல்லை. ஆனால் பிழையான ஒழுங்கைக்காரர். அப்பு மகளைத் தலைமுழுகினார். பேச்சுக்குச் சொல்லவில்லை, கிணற்றடியில் நின்று குளித்து, எனக்கு ஒரு மகள்தான் என்று ஊருக்கே கேட்கச் சொன்னவர் அவர். நான் அப்போது சிறுமி. அண்ணாவுக்கு மீசை அரும்புகிற வயது.

பிறகு யுத்தம் எல்லாரையும் கலைத்தது. அதே சின்னம்மாவும் புருஷனும் அதே ரொறன்ரோவுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். வாத்தியார் விமானங்களுக்குள் குப்பை கூட்டினார். எங்கள் அண்ணாவும் வந்த புதிதில் உணவகம் ஒன்றில் கோப்பைதான் கழுவினார். வேலை முடிந்து இரண்டு பேரும் கை கழுவியது ஒரே சவுக்காரத்தில். ஆனாலும் சாதி மட்டும் மேலேயும் கீழேயுமாக அப்படியே இருந்தது.

அம்மா செத்தபோது அறிவித்தலை எழுதியவர் அண்ணா. அச்சில் வந்த பிறகுதான் நான் பார்த்தேன். அம்மாவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலை வாசலில் வைத்து, "அம்மாவுக்குத் தங்கச்சி இல்லையோ?" என்று கேட்டேன்.

"இருந்தவ," என்றார் அண்ணா.

இருந்தவ! அந்த நேரம் சின்னம்மா உள்ளே, கடைசி வரிசையில், கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் இருந்துகொண்டிருந்தார். கும்பிட்டுவிட்டு ஒருவரோடும் பேசாமல் பஸ்ஸுக்குப் போனார். நான் அண்ணாவோடு அன்றைக்குப் போட்ட சண்டையில் மலர்ச்சாலைக்காரர் வந்து கதவைச் சாத்தினார். ஆனால் அச்சடித்தது அச்சடித்ததுதான்.

இந்த முறை அச்சடிக்கிறவர் சம்பந்தி. சின்னம்மாவின் பெயரையும், பக்கத்தில் அவர் கணவரின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். சம்பந்தி பென்சிலால் வரைந்த மாதிரியை மகள் படமெடுத்து, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லிக் குடும்ப வட்சப்பில் போட்டாள். அரை மணித்தியாலம் ஆகவில்லை, மில்லிக்கனிலிருந்து அண்ணாவின் போன்.

"நீ என்ன விசர் வேலை பாத்து வைச்சிருக்கிறாய்?"

"என்ன வேலை?"

"உதில ஆற்ற பேரெல்லாம் கிடக்குதெண்டு பாத்தனியோ?"

"நான்தானே குடுத்தனான். சின்னம்மாவின்ர பேர். பக்கத்தில அவவின்ர மனுசன்ர பேர். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ? பெட்டைக்கு ஒரு நல்ல இடத்தில பேசிக்கொண்டிருக்கிறம். அவையள் நாலு இடத்தில விசாரிக்கிற ஆக்கள். உந்தப் படம் வெளியில போச்சுதெண்டால் என்ர பிள்ளையின்ர வாழ்க்கை முடிஞ்சுது."

"அண்ணா, எந்த நூற்றாண்டில இருக்கிறீங்கள்? வெக்கமா இல்லையோ?"

"நாங்களோ சாதி பாக்கிறம்? அவையள் பாக்கினம். நாங்கள் என்ன செய்யிறது?"

இந்த வசனத்தை நான் எத்தனை வரவேற்பறைகளில் கேட்டுவிட்டேன்! ரொறன்ரோத் தமிழரில் சாதி பார்க்கிறவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் முற்போக்கு. சாதி பார்க்கிறவர் எப்போதும் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். அந்த அடுத்த வீட்டுக்காரரிடம் போய்க் கேளுங்கள், அவர் இந்த வீட்டைக் காட்டுவார். அண்ணாவின் மகள் பாமசியில் மருந்து கொடுக்கிற வேலை செய்கிறவள், முப்பது வயதுக் குமர், தன் வாழ்க்கையைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவள். அவளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு தகப்பன் சண்டை பிடிக்கிறார்.

போனை வைத்ததும் என் கணவர் பேப்பருக்குள் முகத்தை வைத்தபடி, "உமக்கேன் தேவையில்லாத வேலை? கொண்ணையோட கொழுவாமல் அந்தப் பேரை விட்டிட்டுப் போமன்," என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் இந்த நல்ல மனிதர்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்துதானே இவ்வளவும் நடந்தது? அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை அவரையே போட்டுச் சாப்பிடச் சொன்னேன்.

மரத்தில் இருக்கப்போகிறவரிடம் இன்னும் கேட்கவில்லையே என்ற நினைப்பு அடுத்தநாள்தான் வந்தது. சின்னம்மா ஸ்காபரோவில் வயதானவர்களுக்கான மாடிக் கட்டடம் ஒன்றில் தனியாக இருக்கிறார். வாத்தியார் சில வருடங்களுக்கு முன்பு காலமாகிவிட்டார். போய் விசயத்தைச் சொன்னேன். சின்னம்மா கவனமாகக் கேட்டார்.

"என்ர பேர் மட்டுமெண்டால் எனக்கு வேண்டாம் பிள்ளை," என்றார். "அவற்ற பேர் பக்கத்தில வரவேணும்."

"வந்திருக்குது சின்னம்மா."

"அவர் செத்த நேரம் நான் நோட்டீஸ் எழுதினனான். அப்புவின்ர மருமகன் எண்டும் போட்டனான். கொண்ணை ஆள் அனுப்பி அதை எடுக்கச் சொன்னவன். செத்தவீட்டில சண்டை வேண்டாமெண்டு எடுத்துப் போட்டன்."

எனக்கு இது தெரியாது. செத்த மனிதனுக்குப் போட்ட அறிவித்தலுக்குள்ளும் கைவிட்டிருக்கிறார் என் அண்ணா! என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. சின்னம்மா எழும்பிப் போய்க் கேத்தலை வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளையின்ர பேரும் போடுவினமோ?"

"எந்தப் பிள்ளை?"

"எனக்கொரு பெடியன் இருந்தவன். தவழத் தொடங்கியிருந்தவன். காய்ச்சல் வந்து எங்களை விட்டுப் போட்டான்."

நான் எழும்பி அவர் பக்கம் போனேன். சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதையும் ஒரு தண்டனை மாதிரி, திருப்தியோடு சொல்வார்கள்.

"அப்புவின்ர பேரைத்தான் வைச்சனாங்கள்," என்றார் சின்னம்மா. "மூத்த பெடியனுக்குத் தாத்தாவின்ர பேர் வைக்கிறது தானே. அவர் சொன்னவர், வை, உன்ர தகப்பனெல்லோ எண்டு. பிள்ளைக்குக் கடுமையாகின உடனை அப்புவுக்கு ஆள் விட்டனாங்கள். பிறகு முடிஞ்ச உடனையும் விட்டனாங்கள். தன்ர பேரை வைச்ச பிள்ளையை ஒருக்கா எட்டிப் பாப்பார் எண்டு நினைச்சன். ஒருத்தரும் வரேல்லை."

அவர் அழவில்லை. அழுதது நான், அதுவும் துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அந்த அப்புவின் படத்துக்கு அண்ணா வீட்டில் வெள்ளிக்கு வெள்ளி பூமாலை. தருமவான் என்று பெயர். அவர் பெயரைத் தாங்கிய குழந்தை பக்கத்து ஒழுங்கையில் காய்ச்சலில் கிடந்தபோது, அந்தத் தருமவான் வாசல்படி இறங்கவில்லை. அந்தக் குழந்தையின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. சின்னம்மாவும் போய்விட்டால், அப்படி ஒருவன் பிறந்தான் என்பதைச் சொல்ல இந்த உலகத்தில் ஆளில்லை. இதை விடுவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குள் அண்ணா இறங்கி வந்திருந்தார். அவர் நினைப்பில் அது இறங்கி வருவது. நான் பிளாசாவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது போனில் கூப்பிட்டார்.

"சரி, சின்னம்மாவின்ர பேர் கிடக்கட்டும். அவற்ற பேரை மட்டும் எடு. கலியாணம் கட்டாதவ மாதிரி விடு. எல்லாருக்கும் நல்லது."

முருங்கைக்காய்க் கட்டைக் கூடைக்குள் எறிந்தேன். "ஒரு மனுசனோட காலம் முழுக்கக் குடும்பம் நடத்தின பொம்பிளையைக் கன்னி ஆக்கச் சொல்லுறீங்களோ? அப்ப அவவுக்குப் பிறந்த பிள்ளையை என்ன செய்யிறது?" என்று நான் கத்தியதில் தராசடியில் நின்ற ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணா, "என்ன பிள்ளை? உனக்கு மண்டை பிழைச்சுப் போச்சு," என்று போனை வைத்துவிட்டார்.

சம்பந்தியிடம் போய், இன்னொரு பெயர் இருக்கிறது என்று குழந்தையின் பெயரைச் சொன்னேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தது. அதைவிட வெட்கக்கேடான வேலையை நான் செய்ததில்லை. தமிழில் ஒரு கண்ணசைவில் விளங்கிவிடுகிற கேவலம், ஆங்கிலத்தில் வசனம் வசனமாக வெளியே வரும்போது, சொல்கிற எனக்கே நம்ப முடியவில்லை. சம்பந்தி ஊசியை நிறுத்தினார்.

"அந்தக் கணவர் என்ன செய்தார்?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூட ஆசிரியர்."

"வேலையைக் கேட்கவில்லை. அவர் செய்த பிழை என்ன?"

"ஒன்றும் இல்லை," என்றேன்.

சம்பந்தி நூல் பெட்டியைக் கிட்ட இழுத்தார். "ஆட்டுக் கள்ளனையே நான் தைத்திருக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூலைக் கோர்த்தார்.

எங்கள் வீட்டில் வைத்த பிறந்தநாளுக்கு அண்ணா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஆட்கள் கேட்பார்களே, அந்தப் பயம். மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் சின்னம்மாவை வெள்ளனவே போய் ஏற்றிவந்து, வரவேற்பறையில் பெரிய கதிரையில் இருத்தியிருந்தேன், கடைசி வரிசையில் இல்லை. அண்ணா அவரைக் காணாத மாதிரிச் சுவரைப் பார்த்தார். சுவரில்தான் மரம் மாட்டியிருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய், வலது பக்கக் கிளைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். சின்னம்மாவின் பெயர், பக்கத்தில் வாத்தியாரின் பெயர். அவர் கழுத்து சிவந்தது. பிறகு அதற்குக் கீழே போனவர் நின்றுவிட்டார்.

"உது அப்புவின்ர பேரெல்லோ?" என்றார் பெரிதாக. பிழை பிடித்துவிட்ட சந்தோசம் குரலில் தெரிந்தது. "மேலயும் போட்டிருக்கிறியள், இஞ்சை கீழயும் போட்டிருக்கிறியள். வெள்ளைக்காரியிட்டைக் குடுத்தால் உப்பிடித்தான்."

"பிழையில்லைத் தம்பி," என்றார் சின்னம்மா கதிரையிலிருந்து. "அது என்ர பிள்ளை. அப்புவின்ர பேர்தான் அவனுக்கும் வைச்சனாங்கள். தவழத் தொடங்கினவன், காய்ச்சல்ல போட்டான்."

பலூன் ஊதிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட ஊதுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாவுக்கு ஒரு நல்ல சொல் சொல்ல அந்த நேரம் இருந்தது. "எனக்குத் தெரியாது சின்னம்மா" என்றாவது சொல்லியிருக்கலாம், உண்மையில் அவருக்குத் தெரியாதுதான். அவர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அந்தப் பேரையாவது மாத்தேலாதோ? அப்புவின்ர பேரெல்லோ. ஆக்கள் பாத்தால் என்ன நினைப்பினம்?" என்றார்.

நான் போய் முன்கதவைத் திறந்துவிட்டேன். "போங்கோ அண்ணா. போய் அப்புவின்ர படத்துக்கு மாலை போடுங்கோ," என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது, எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "வா பிள்ளை," என்று மகளைக் கூப்பிட்டுவிட்டுப் போனார். வெளியே கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. பிறகு ஹோர்ன் அடித்தார். அண்ணாவின் மகள் போகவில்லை. மரத்தடியில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றவள், வந்து சின்னம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"அப்பம்மா," என்றாள். அந்த முறை சொல்லி அவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. "ஐ டிட்ன்ட் நோ. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த பேபி ஆரைப் போல இருந்தவர்?"

ஹோர்ன் இரண்டாம் முறையும் அடித்தது. சின்னம்மா திறந்து கிடந்த வாசலைப் பார்த்தார்.

"உன்ர அப்பாவைப் போல," என்றார்.